கூண்டுக்கு இந்தப் பக்கம்: யானை எங்கே போச்சு?

(விலங்குக் காட்சிச்சாலை ஒன்றில் 31 வருடம் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி)

மேடம், சின்ன வயதில் நான் பார்த்த ஜூவுக்கு இருபது வருடம் கழித்து என் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். யானை இல்லை. கரடி இல்லை. சிம்பன்ஸி இருந்த இடத்தில் ஒரு கண்ணாடி அறை, உள்ளே நத்தைகள்! யானை காட்டுகிறேன் என்று ஆசை காட்டி அழைத்துப் போனவள் நான். சின்னவன் அழுதே விட்டான். ஏன் இப்படிச் செய்கிறார்கள்?
– இரண்டு பிள்ளைகளின் அம்மா

உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பாதி என்று பிறகு சொல்கிறேன். முதலில் யானை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பதிவேட்டில் இருந்த இனங்களில் பாதிகூட நான் ஓய்வு பெறும்போது இல்லை. வெளியே சொன்னால், "பார்த்துக்கொள்ளத் துப்பில்லாமல் விட்டுவிட்டீர்களா?" என்பார்கள். ஆனால் அந்தப் பழைய பட்டியலைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ஒற்றை ஆள்தான். ஒரு கரடி. ஒரு ஓநாய். ஜோடி இல்லாத ஒரு கொக்கு. அந்தக் காலத்து ஜூ தபால்தலை ஆல்பம் மாதிரி. ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று ஒட்டியிருந்தால் போதும், கட்டங்கள் எத்தனை என்பதில்தான் பெருமை. ஒன்று செத்தால் காட்டிலிருந்து இன்னொன்றைப் பிடித்துவர ஆள் இருந்தார்கள். காட்டு உயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்த 1973-இல் கையெழுத்தாகி 1975-இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் ஒப்பந்தம் அந்தக் கதவைப் பெரும்பாலும் சாத்தியது. அதன் பிறகு, இருப்பதைக் குட்டி போட வைத்தால்தான் நாளைக்கும் இருக்கும் என்ற நிலை வந்தது. ஒற்றைக் கரடி என்ன குட்டி போடும்?

யானையின் கதை இன்னும் கொஞ்சம் கனமானது. காட்டில் அது கூட்டமாக வாழும், நாளின் பெரும்பகுதி தின்றுகொண்டே நடக்கும். அதைக் கான்கிரீட் தரையில் நிறுத்தினால் முதலில் கெடுவது கால். நகம் வெடிக்கும், உள்ளங்காலில் புண் வரும், அப்புறம் மூட்டு. எங்கள் கீப்பர்கள் தினமும் காலையில் யானையின் பாதத்தைக் கழுவி, நகத்தை அரம் போட்டுத் தேய்த்ததைப் பார்த்திருக்கிறேன். அத்தனை செய்தும் அது முன்காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே நிற்கும். பார்க்க வந்தவர்கள் "டான்ஸ் ஆடுது பார்" என்பார்கள்.

லண்டன் ஜூவில் 1831-இலிருந்து யானை இருந்தது. 2001-இல் அங்கிருந்த மூன்று யானைகளையும் நகரத்துக்கு வெளியே, நிலம் தாராளமாக உள்ள விப்ஸ்னேடு பூங்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். 170 வருட வழக்கம் அதோடு முடிந்தது. அமெரிக்காவில் டெட்ராய்ட் ஜூ 2005-இல் தன் இரண்டு யானைகளையும் கலிபோர்னியாவில் உள்ள ஒரு சரணாலயத்துக்கு அனுப்பியது. இரண்டுக்கும் மூட்டுவலி. டெட்ராய்டின் நீண்ட பனிக்காலம் முழுக்க அவற்றைக் கொட்டகைக்குள் அடைத்து வைக்க வேண்டியிருந்தது. வருமானத்துக்குப் பெரிய ஈர்ப்பு எதுவோ அதையே ஒரு ஜூ தானாக விட்டுக்கொடுத்தது என்றால் லேசான முடிவு இல்லை.

இப்போது நத்தை. சிரிக்காமல் கேளுங்கள். பயிரைத் தின்ற ஆப்பிரிக்க ராட்சத நத்தையை ஒழிப்பதற்காக, 1970களில் பிரெஞ்சு பாலினேசியத் தீவுகளுக்கு வேட்டை நத்தை ஒன்றைக் கொண்டுபோய் விட்டார்கள். வந்தது ராட்சதனைச் சீண்டவில்லை. அந்தத் தீவுகளுக்கே உரிய பார்ட்டுலா என்ற குட்டி நத்தைகளைத் தின்று தீர்த்தது. ஒரு இஞ்சு நீளம்கூட வராத நத்தைகள் அவை. முட்டையிடாமல், ஒரு தடவைக்கு ஒரு குஞ்சு என்று ஈனுபவை. ஓடியாடிப் பெருகி ஈடுகட்ட வழியில்லை. ஆராய்ச்சியாளர்கள் கையில் கிடைத்தவற்றைப் பெட்டிகளில் போட்டு ஜூக்களுக்கு அனுப்பினார்கள். அவற்றிலும் பார்ட்டுலா டர்ஜிடா என்ற இனத்தின் கடைசி நத்தை 1996 ஜனவரியில் லண்டன் ஜூவில் செத்தது. ஓர் இனம் பூமியை விட்டுப் போன நாளும் இடமும் இவ்வளவு துல்லியமாகத் தெரிவது அபூர்வம். ஒரு பதிவேட்டுக்காரியாக அந்தக் குறிப்பை எழுதியவரின் கையை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தப்பிய இனங்கள் சில 2015 முதல் தீவுகளுக்குத் திரும்பப் போய்க்கொண்டிருக்கின்றன. நீங்கள் பார்த்த கண்ணாடி அறையில் எந்த நத்தை இருந்ததோ எனக்குத் தெரியாது. ஆனால் அரிய நத்தை என்று போர்டு வைத்திருந்தால், ஒற்றை யானையைக் கட்டிப்போட்ட காலத்தைவிட அந்த அறையில் நடப்பதுதான் ஜூ செய்ய வேண்டிய வேலை.

உங்கள் பக்கத்து நியாயம் இதுதான்: யானை எங்கே போனது என்று உங்களிடம் யாரும் சொல்லவில்லை. இருபது வருடம் ஊரே பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரு ஜீவன் காணாமல் போகிறது, அங்கே ஒரு காகிதம்கூட ஒட்டவில்லை. எங்கள் இடத்திலும் அப்படித்தான். "கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்" என்பது மேலே இருந்தவர்களின் கொள்கை. கேட்பவர்களுக்குக் கூண்டு கூட்டும் தொழிலாளிதான் பதில் சொல்லியாக வேண்டும். அவருக்கும் தெரியாது. "செத்துப்போச்சும்மா" என்று ஒரு பதில். நல்ல இடத்துக்குப் போய்ச் சௌக்கியமாக இருந்த எங்கள் ஒட்டகச்சிவிங்கியை அப்படி எத்தனை தடவை சாகடித்தார்களோ!

எந்த விலங்கு எங்கே போக வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? விலைக்கு விற்பார்களா?
– கல்லூரி மாணவர், விலங்கியல்

ஒழுங்காக நடக்கும் ஜூக்களுக்கு இடையே பெரும்பாலும் காசு கைமாறாது. பரிமாற்றம், இல்லையென்றால் இனப்பெருக்கத்துக்காக இரவல். இரவல் போன விலங்கின் குட்டி யாருக்கு என்பது முதலிலேயே எழுதப்பட்டிருக்கும். முதல் குட்டி அவர்களுக்கு, இரண்டாவது நமக்கு என்ற மாதிரி. நான் தலையை அதிகம் பிய்த்துக்கொண்டது அந்த ஒப்பந்தக் காகிதங்களோடுதான்.

முடிவு செய்வது இனப்பதிவேடு. ஓர் இனத்துக்கு ஒரு பேரேடு. எந்த நாட்டில், எந்த ஜூவில் இருந்தாலும் அந்த இனத்தின் ஒவ்வொரு விலங்குக்கும் ஓர் எண். அப்பன் யார், ஆத்தா யார், எப்போது எங்கே போனது, எதனால் செத்தது எல்லாம் அதில் வரும். காட்டுவிலங்குக்கு இப்படி எழுதத் தொடங்கியது ஐரோப்பியக் காட்டெருமைக்கு, 1932-இல். அப்போது காட்டில் ஒன்றுகூட மிச்சமில்லை. இன்று இருக்கும் அத்தனையும் 12 மூதாதைகளின் வம்சம்.

கணக்கு இதுதான். ஒன்றுக்கொன்று உறவில்லாத 20 விலங்குகளைக் காட்டிலிருந்து எடுத்தால், அந்தக் கூட்டத்தின் மரபுப் பன்மையில், அதாவது மரபணு வேறுபாடுகளில், ஏறத்தாழ 97 சதவீதம் கைக்கு வந்துவிடும். அதை நூறு வருடத்துக்குப் பிறகும் 90 சதவீதத்துக்குக் குறையாமல் வைத்திருப்பது பொதுவான இலக்கு. அதற்கு, கூட்டத்தில் சொந்தக்காரர்கள் மிகக் குறைவாக உள்ள விலங்கு எதுவோ அதற்கு முதலில் ஜோடி தேட வேண்டும். நிறைய அண்ணன் தம்பி உள்ளவனுக்கு வாய்ப்பு கடைசியில். அவன் எவ்வளவு அழகனாக இருந்தாலும் சரி, கூட்டம் அவனைப் பார்க்கத்தான் வருகிறது என்றாலும் சரி.

பேரேட்டைக் கையில் வைத்திருப்பவர் வேறு நாட்டில் இருப்பார். வருடத்துக்கு ஒரு தடவை கடிதம் வரும்: இன்ன எண் ஆணை இன்ன இடத்துக்கு அனுப்புங்கள், இன்ன எண் பெண் இந்த வருடம் குட்டி போட வேண்டாம். கீப்பர்களிடம் அதைப் படித்துச் சொல்வது என் வேலை. எண்ணைச் சொல்வேன், அவர்கள் பெயரைக் கேட்பார்கள். பெயரைச் சொன்னதும் ஒருத்தர் எழுந்து வெளியே போய்விடுவார்.

எழுத்து தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க ஜூக்களின் ஆசியச் சிங்கம் சாட்சி. பாடுபட்டுப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். 1987-இல் மரபுச் சோதனை செய்தபோது, வம்சத்தைத் தொடங்கி வைத்த ஐந்து சிங்கங்களில் இரண்டு தூய ஆசியச் சிங்கங்களே இல்லை என்று தெரிந்தது. ஆப்பிரிக்க ரத்தம். அத்தனை வருட உழைப்பும் ஒரு பிழையான வரியில் போனது. 1970களில் ஜூக்கள் சேர்ந்து ஐசிஸ் என்ற பொதுக் கணினிப் பதிவு அமைப்பைத் தொடங்கின, இப்போது அதற்கு ஸ்பீஷீஸ்360 என்று பெயர். நான் சேர்ந்தபோது எங்களிடம் இருந்தது சிவப்பு அட்டை போட்ட நோட்டும் ஒரு மசிப்பேனாவும்.

2014-இல் கோபன்ஹேகன் ஜூவில் ஆரோக்கியமான ஒட்டகச்சிவிங்கிக் குட்டியைக் கொன்று சிங்கத்துக்குப் போட்டார்கள். உங்கள் 'மரபுக் கணக்கு' கடைசியில் இதற்குத்தானே வந்து நிற்கிறது?
– கோபத்தோடு ஒரு வாசகர்

தவிர்க்காமல் பதில் சொல்கிறேன். பெயர் மாரியஸ். வயது இரண்டு. அதன் உடன்பிறப்புகளின் மரபணு ஐரோப்பியக் கூட்டத்தில் ஏற்கெனவே வேண்டிய அளவு இருந்தது. வேறு இடங்கள் கேட்டும் கொடுக்கவில்லை. பிப்ரவரி 9 அன்று சுட்டார்கள். பார்வையாளர்கள் முன்னால், பிள்ளைகளும் நிற்க, அறுத்து விளக்கினார்கள். இறைச்சியில் ஒரு பங்கு சிங்கங்களுக்குப் போனது.

நான் அந்தப் பதவியில் இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன். வேறு இடத்தில் ஒரு கொட்டகை கிடைக்கிறது என்றால் அனுப்பிவிடும் ரகம் நான். ஆனால் அந்த ஜூவை உங்களோடு சேர்ந்து திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. காரணம், அவர்கள் ஒளித்துச் செய்யவில்லை.

பிரச்சினை பிறப்பிலேயே இருக்கிறது. கொரில்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆணும் பெண்ணும் ஏறத்தாழ சமமாகப் பிறக்கின்றன. ஒரு குடும்பத்தில் ஒரே பெரிய ஆண், பெண்கள் சிலர். மிச்ச ஆண்கள் எங்கே போவார்கள்? இதற்காகவே சில ஜூக்கள் ஆண்கள் மட்டும் சேர்ந்து வாழும் குழுக்களை வைத்திருக்கின்றன. எங்கள் மான்களும் அப்படித்தான். பார்வையாளர்களின் கண்ணில் படாத பின்பக்கம் ஒரு நீண்ட அடைப்பு. "ஹாஸ்டல்" என்போம். கொம்பு முளைத்த பையன்கள் அத்தனை பேரும் அங்கே. கொம்பு முற்றும் பருவத்தில் ராத்திரியெல்லாம் முட்டும் சத்தம் கேட்கும். காலையில் ஒன்று நொண்டும்.

"கருத்தடை செய்யலாமே?" என்பீர்கள். செய்கிறோம். தோலுக்கடியில் ஹார்மோன் குளிகை வைப்போம், இல்லையென்றால் ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடுவோம். ஆனால் சில இனங்களில் பெண் நீண்ட காலம் குட்டி போடாமலே இருந்தால் பிறகு போடவே முடியாமல் போகிறது. யானையின் கருப்பையில் கட்டி வளர்கிறது. ஐந்து வருடம் கழித்துக் கடிதம் வரும், "இந்த வருடம் உங்கள் பெண்ணுக்கு ஜோடி சேருங்கள்" என்று. அப்போது டாக்டர் உதட்டைப் பிதுக்குவார். அது மட்டும் இல்லை, குட்டி வளர்ப்பதுதான் அந்தத் தாய்க்கு இருக்கும் ஒரே பெரிய வேலை. அதையும் பிடுங்கிக்கொண்டால் நாள் முழுக்க அது என்ன செய்யும்? கோபன்ஹேகன்காரர்களின் வாதம் இதுதான், அவை பிறக்கட்டும், வளர்க்கட்டும் என்பது. ஏற்காமல் இருக்கலாம், முட்டாள்தனம் என்று தள்ள முடியாது.

உலகம் முழுக்க எத்தனையோ "உபரி" விலங்குகள் ஒரு சத்தமும் இல்லாமல் இடைத்தரகர் கைக்குப் போய்த் தெருவோரக் கூண்டில் முடிந்திருக்கின்றன. அவற்றுக்காக யாரும் கடிதம் எழுதவில்லை. மாரியஸின் பெயராவது உங்களுக்குத் தெரிகிறது.

விலங்குகளை எப்படி இடம் மாற்றுகிறீர்கள்? மயக்க ஊசி போட்டா?
– பள்ளி ஆசிரியை

முடிந்தவரை ஊசியே கிடையாது. மயங்கிய விலங்கு பெட்டிக்குள் கழுத்து மடங்கி விழுந்தால், ஓடும் லாரியில் யார் தூக்கிவிடுவது? மூச்சு நின்றால்கூடத் தெரியாது.

பெட்டியைப் பல வாரம் முன்பே அடைப்புக்குள் வைத்துவிடுவோம். முதல் நாள் அதன் வாசலில் தீனி. அடுத்த நாள் ஓர் அடி உள்ளே. பிறகு பெட்டியின் கடைசி மூலையில். விலங்கு தானாகப் போய்த் தின்று தானாகத் திரும்பும். ஒரு நாள் கதவை மூடி உடனே திறப்போம். மறுநாள் கொஞ்சம் கூடுதலாக. புறப்படும் நாளில் அதற்கு அது இன்னொரு சாப்பாட்டு வேளை, அவ்வளவுதான். பொறுமை கீப்பருக்குத்தான் வேண்டும், பெட்டிக்கு இல்லை.

பெட்டி என்றதும் ஒரு ஞாபகம். ஒரு முள்ளம்பன்றியை மரப்பெட்டியில் போட்டு, விடியற்காலை லாரி என்று வராந்தாவில் வைத்திருந்தோம். காலையில் பெட்டியின் மூலையில் ஒரு வட்ட ஓட்டை, உள்ளே ஆள் இல்லை. முழு ராத்திரியும் கொறித்திருக்கிறது. என் மேசைக்கடியில், பழைய கோப்புகளுக்கு நடுவில் பிடித்தோம். தகரம் அடித்த பெட்டியில்தான் பிறகு போனது.

ஒட்டகச்சிவிங்கிக்கு வழியிலுள்ள பாலங்களின் உயரத்தை முன்கூட்டியே ஆள் போட்டு அளப்போம். போய்ச் சேர்ந்த இடத்தில் பெரும்பாலும் 30 நாள் தனிமை, சாணம், ரத்தம், காசநோய்ச் சோதனை. பழைய அடைப்பின் வைக்கோலில் கொஞ்சத்தை மூட்டை கட்டிக் கூடவே அனுப்புவோம். வாசனை பழகியதாக இருந்தால் தீனியில் வாய் வைக்கும். பல சமயம் கீப்பரும் கூடப் போய் ஒரு வாரம் தங்குவார். திரும்பி வரும்போது அவர்தான் இளைத்திருப்பார்.

எங்கள் பிள்ளைகளுக்கு வெள்ளைப் புலிதான் உயிர். அதை ஏன் பல ஜூக்கள் விட்டுவிடுகின்றன?
– ஒரு தாத்தா

அது தனி இனம் இல்லை, ஐயா. வங்கப்புலியின் ஓர் நிறப்பிறழ்வு. 1951-இல் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் ரீவாவில் பிடிபட்ட மோகன் என்ற ஆண் குட்டியை அதன் சொந்த மகளோடே சேர்த்துத்தான் அந்த நிறத்தைத் திரும்ப வரவழைத்தார்கள். அதே வழியில் தலைமுறை தலைமுறையாக நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்ததில் மாறுகண், வளைந்த முதுகு, பிறந்ததும் சாவு என்று வந்தது. 2011-இல் அமெரிக்க ஜூக்களின் கூட்டமைப்பு தன் உறுப்பினர்கள் இதை வேண்டுமென்றே பெருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அழகுதான். அந்தக் கூண்டில் காட்டுக்குப் பயன்படும் ஒரு புலியை வைக்கலாம்.

இத்தனை பேரேடு, பரிமாற்றம் எல்லாம் செய்து, ஒரு விலங்காவது காட்டுக்குத் திரும்பியிருக்கிறதா?
– சந்தேகப் பேர்வழி (அவரே போட்டுக்கொண்ட பெயர்)

பெரும்பாலானவை திரும்புவதில்லை. ஜூவில் பிறந்தது ஜூவிலேயே சாகும். அதை மறைக்கத் தேவையில்லை.

திரும்பியவற்றில் எனக்குப் பிடித்தது அரேபிய ஓரிக்ஸ் என்ற பாலைவன மான். வெள்ளை உடம்பு, நேராக நீண்ட இரண்டு கொம்பு. 1963-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் ஜூவில் ஒரு சிறு மந்தையைச் சேர்த்தார்கள். பத்தைத் தொடவில்லை எண்ணிக்கை. 1972-இல் காட்டில் கடைசியாக இருந்ததையும் சுட்டுவிட்டார்கள். 1982-இல் ஜூ மந்தையின் வம்சத்தை ஓமன் பாலைவனத்தில் திறந்துவிட்டார்கள். 400-ஐத் தாண்டிப் பெருகியது. இங்கே கதை முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். 1990களின் பிற்பாதியில் உயிரோடு பிடித்து விற்கும் திருடர்கள் புகுந்தார்கள், மந்தை சரிந்தது. அவை இருந்த சரணாலயத்தின் பரப்பையும் ஓமன் வெட்டிக் குறைத்தது. 2007-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. அப்படி எடுக்கப்பட்ட முதல் இடம் அதுதான். ஆனால் மற்ற நாடுகளிலும் ஜூக்களிலும் மந்தைகள் இருந்தன, அதனால் இனம் பிழைத்தது. ஒரே கூடையில் வைக்காதே என்பது முட்டைக்கு மட்டும் இல்லை.

பேரேடு இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்று கேட்டால், 1883 ஆகஸ்டில் ஆம்ஸ்டர்டாம் ஜூவில் ஒரு குவாகா செத்தது. பாதி உடம்பில் மட்டும் வரியுள்ள வரிக்குதிரை. உலகத்தின் கடைசிக் குவாகா அதுதான் என்று அன்றைக்கு அங்கே ஒருத்தருக்கும் தெரியாது.

பாட்டி, என் ஆமையை ஜூவுக்குத் தரலாமா? நீங்கள் கடைசியாக நோட்டில் எழுதினது எந்த விலங்கு?
– நான்காம் வகுப்பு

தர வேண்டாம், கண்ணு. உன் ஆமைக்கு ஏதாவது நோய் இருந்தால் அங்கே இருக்கும் ஆமைகளுக்கெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அதோடு, நீ வளர்ப்பது எந்த ஆமை என்று அப்பாவிடம் கேள். சில ஆமைகளை வீட்டில் வைத்திருக்கவே சட்டம் விடாது. அப்படி என்றால் வனத்துறையிடம்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக எழுதியதும் ஓர் ஆமைதான். பெரிய நில ஆமை. வேலையை ஒப்படைக்கும் அன்று எல்லா விலங்கையும் எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் "வந்த தேதி" என்று ஒரு கட்டம் உண்டு. அந்த ஆமையின் கட்டத்தில் மட்டும் எனக்கு முன்னால் இருந்தவர், அவருக்கும் முன்னால் இருந்தவர் எழுதியதையே பார்த்து எழுதியிருந்தார்: "ஏற்கெனவே இங்கே இருந்தது." நானும் அதையே எழுதினேன். பக்கத்தில் "நன்றாகச் சாப்பிடுகிறது" என்று சேர்த்தேன்.